கட்-ஆஃபில் கம்ப்யூட்டருக்கு எத்தனை மார்க்?

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு தப்பான பதில் சொன்னேன். அதுவும் சும்மா இல்லை. சத்தமாக, சிரித்துக்கொண்டே, கையில் டீ டம்ளரோடு. தப்பான பதிலைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சத்தமாகச் சொன்னதால்… மறுநாளே ஒரு ஃபாரம் பூர்த்தியாகி ஸ்கூலுக்குப் போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் ஆரணியில் ஒரே கேள்விதான். காய்கறிக் கடையில் அதே கேள்வி. பஸ் ஸ்டாண்டில் அதே கேள்வி. ஒரு சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவர், நாற்காலியில் உட்காருவதற்குள் பக்கத்து ஆளைக் கேட்டார்: "உம் பொண்ணு இன்னா குரூப்?"

பிளஸ் ஒன்னில் எந்தெந்தப் பாடம் சேர்ந்த குரூப்பை எடுப்பது என்பதுதான் விஷயம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு தாளில் போடுகிற ஒரே ஒரு டிக். அதற்குத் தெரு முழுக்க ஆலோசகர்கள்!

என்னையும் கேட்பார்கள். நான் ஸ்கூலில் படித்தது எட்டாவது வரை. அப்புறம் படித்ததெல்லாம் கைக்குக் கிடைத்த காகிதம்தான். ஆனால் வாரா வாரம் என் பேர் அச்சில் வருகிறதே… "பத்திரிகைல எழுதுறவங்களுக்குத் தெரியாததா?" என்று வந்துவிடுவார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை.

அன்றைக்கு வந்தது எதிர்வீட்டு முருகேசன். பட்டு நெய்கிறவர். வீட்டில் இரண்டு தறி. கூடவே மனைவி மல்லிகா, மகள் வினோதினி. வினோதினி பத்தாவது பாஸ். நாளைக்கு ஃபாரம் கொடுக்க வேண்டும்.

"யக்கா, ஒரு பேஜார்" என்று ஆரம்பித்தார் முருகேசன். "இந்தப் பொண்ணு இன்ஜினியர் ஆவணும்னுது."

"ஆவட்டுமே! இதுல இன்னா பேஜார்?"

"எந்த இன்ஜினியர்னு கேளுங்க."

கேட்டேன். வினோதினி என் வாசல் கேட்டில் சாய்ந்தபடி சொன்னாள்: "அரிசி மிஷின் அத்தை."

மல்லிகாவின் தம்பிக்குக் களம்பூரில் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர் வேலை. லீவில் அக்கா மகளை மில்லுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே ஒரு மிஷின். மேலிருந்து அரிசி மழை மாதிரி கொட்டுகிறது. கொட்டுகிற வேகத்திலேயே கறுப்பு அரிசி, பழுப்பு அரிசியை மட்டும் கண்டுபிடித்து, 'புஸ்'ஸென்று காற்றடித்து ஒதுக்கிவிடுகிறது. நல்ல அரிசி ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். இவள் அந்த மிஷின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். மாமா வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிந்ததுகூடத் தெரியவில்லையாம்.

"அது எப்படிங்க கண்டுபிடிக்குது?" என்று ரிப்பேர் பார்க்க வந்தவரைக் கேட்டாளாம். அவர் மிஷினைத் தட்டிக் காட்டி, "உள்ள கம்ப்யூட்டர் கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இங்கேதான் முருகேசனின் கணக்கு ஆரம்பித்தது.

"உள்ள கம்ப்யூட்டர்தான் கீதுன்னா, கம்ப்யூட்டர் படிச்சா போதும்ல யக்கா? ஸ்கூல்ல ரெண்டு குரூப்புல கம்ப்யூட்டர் கீது. ஒண்ணு கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோட வருது. இன்னொண்ணு காமர்ஸ், அக்கவுண்ட்ஸோட வருது. கணக்குல இவ அறுபத்தேழு. அந்தப் பாரத்தை இன்னும் ரெண்டு வருஷம் எதுக்குத் தூக்கணும்? காமர்ஸ் கம்ப்யூட்டர்ல போட்டுட்டா, ஜல்தியா மார்க்கு ஏறும்."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்!

ஆரணிக்காரர் மூளை இப்படித்தான் ஓடும். ஏனென்றால் ஒரு பட்டுச் சேலை எங்கள் ஊரில் ஒரு கையால் உருவாவதில்லை. சாயம் போடுகிறவர் சாயம் மட்டும் போடுவார். பாவு ஓட்டுகிறவர் பாவு மட்டும். டிசைன் போடுகிறவர் டிசைன் மட்டும். நெய்கிறவர் இதில் எதையும் தொடமாட்டார், நெய்வார். அவரவர் வேலையில் அவரவர் ராஜா. அடுத்தவர் வேலை தெரியவில்லை என்று யாரும் வெட்கப்படுவதும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் பாடப் புத்தகத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கம்ப்யூட்டர் வேலைக்குக் கம்ப்யூட்டர். கணக்கு வேறு யாருடைய வேலையோ!

முருகேசன் அதையே சொன்னார். "நம்ம பாஸ்கரையே பாருங்க. பஜார்ல கம்ப்யூட்டர் வெச்சுகினு டிசைன் போடுறான். அவன் போடுற மயிலும் மாங்காயும்தான் என் தறில ஏறுது. அவன் காமர்ஸ்தான் படிச்சான். அவனாண்ட யாராவது கணக்கு கேட்டாங்களா?"

ஆதாரத்தோடு வந்த மனிதரை எப்படி மறுப்பது?

"கரெக்டுதாங்க" என்றேன். "காமர்ஸ் கம்ப்யூட்டரே போடுங்க. பயந்துகினே படிக்கிறதுக்கு, சந்தோஷமாப் படிக்கட்டும்."

வினோதினி கேட்டை விட்டு நகரவில்லை. "அந்த மிஷின் செய்யறதுக்குக் கணக்கு வேணாமா அத்தை?"

நான் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்: "கணக்கெல்லாம் மிஷினே போட்டுக்கும்மா!"

எல்லாரும் சிரித்தோம். எனக்கே அந்த வரி பிடித்துப்போய்விட்டது. என் வாரப் பத்தியில் போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் குறித்துக்கூட வைத்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஃபாரம் போய்விட்டது. காமர்ஸ் கம்ப்யூட்டர்.

புதன்கிழமை முருகேசன் புது டிசைன் அட்டை வாங்கக் கிளம்பினார். தறியின் மேலே மாலை மாதிரி தொங்குமே, ஓட்டை போட்ட அட்டைகள்… எந்த இழை எப்போது எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அவைதான். டிசைனை பாஸ்கர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பார், அட்டையும் அங்கேயே தயாராகும். அட்டைக் கட்டு கனம் என்பதால் வினோதினியும் கூடப் போனாள். எனக்கு அந்தப் பக்கம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் வாங்க வேண்டியிருந்தது. மூன்று பேருமாக நடந்தோம்.

பாஸ்கருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து ஒரு அன்னப்பறவையின் கழுத்தைக் கட்டம் கட்டமாக வளைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் உள்ளே நுழைந்ததுமே பெருமையாகச் சொன்னார்: "பாஸ்கரு! உன் குரூப்பைத்தான் என் பொண்ணும் எடுத்துக்கீறா!"

"அப்படியாண்ணே? பி.காம் போறாளா?"

"இல்லப்பா. இன்ஜினியரிங்."

பாஸ்கரின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. அன்னத்தின் கழுத்து பாதியில் தொங்கியது.

"யாருண்ணே சொன்னாங்க உங்களுக்கு?"

முருகேசன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. நான் சுவரில் மாட்டியிருந்த சேலைக் காலண்டரை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பாஸ்கர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அண்ணே, நானும் இப்படித்தான் நெனைச்சேன். கம்ப்யூட்டர் கீதுல்ல, போதும்னு. பிளஸ் டூல நல்ல மார்க்கு. இன்ஜினியரிங்குக்கு அப்ளை பண்ண பிரவுசிங் சென்டர் போனேன். கணக்கு மார்க்கு சொல்லுன்னான். இல்லன்னேன். ஃபிசிக்ஸ்? இல்ல. கெமிஸ்ட்ரி? இல்ல. 'அண்ணா, கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தி நாலுண்ணா, அத எங்க போடுறது'ன்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அதுக்குக் கட்டமே கிடையாதுப்பா'ன்னான்."

"கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்குக் கூடவா?"

"அதுக்கும்தாண்ணே. கட்-ஆஃப் இரநூறு. கணக்கு மார்க்கு முழுசா நூறு. ஃபிசிக்ஸ்ல பாதி அம்பது. கெமிஸ்ட்ரில பாதி அம்பது. முடிஞ்சுது. கம்ப்யூட்டர்க்கு எவ்ளோ தெரியுமா? சைபர்!"

தயாராக இருந்த அட்டைக் கட்டை முருகேசன் தூக்கி மகளிடம் கொடுத்தார்.

"ஆனா நீ நல்லாத்தானப்பா கீற?" என்றார் முருகேசன். அவருடைய ஒரே சாட்சி, அவருடைய கண் முன்னாலேயே எதிர்க்கட்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நல்லாத்தாண்ணே கீறேன். யாரு இல்லன்னது? பி.காம் முடிச்சேன், ஆறு மாசம் இந்த சாஃப்ட்வேர் கத்துக்கினேன், கடை போட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இது ஒரு நாள் மக்கர் பண்ணுச்சின்னு வைங்க… நான் கையைக் கட்டிகினு குந்திகினு இருப்பேன். பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் போன்ல சொல்லுவான், நான் பட்டனை அமுக்குவேன்." வினோதினியைப் பார்த்தார். "நீ பட்டன் அமுக்கப் போறியா, போன்ல சொல்லப் போறியா?"

வினோதினி அட்டைக் கட்டைக் கீழே வைத்தாள். "போன்ல சொல்ற ஆளு கணக்கு படிச்சிருப்பாரா அண்ணா?"

"கணக்கு இல்லாம அங்க உக்காரவே முடியாதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். சும்மா பார்த்தாள். அதுதான் சுட்டது.

திரும்பி நடந்தோம். என் ஜாக்கெட்டை வாங்க மறந்துவிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் முருகேசன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "யக்கா, கணக்கெல்லாம் மிஷினே போட்டுக்கும்ன்னீங்களே… அந்த மிஷினை யாரு போடுவாங்கன்னு நம்ம யோசிக்கல பாருங்க."

'நீங்க' என்று சொல்லாமல் 'நம்ம' என்றார். அந்த மனுஷன் மனசு அப்படி.

உடனே ஸ்கூலுக்குப் போன் போட்டோம். எடுத்தது பிளஸ் ஒன் அட்மிஷன் பார்க்கிற டீச்சர். நான்தான் பேசினேன், கெடுத்தவள் நான்தானே! டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கு குரூப் ரெண்டுமே நிறைஞ்சுடுச்சும்மா. ஆனா ஒரு பொண்ணு பாலிடெக்னிக் போறேன்னு காலையிலதான் வந்து டி.சி. கேட்டா. அந்த ஒரு இடம் இருக்கு. அதை இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அம்மாவோ அப்பாவோ நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் ஒட்டிடுவோம். ஒட்டினதுக்கு அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

நாளைக்குப் பத்து மணி!

முருகேசனும் மல்லிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாளைக்குக் காலையில் அவர்கள் பாவு தெருவுக்கு வருகிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தறியில் ஏறுவதற்கு முன்னால், நீள வாட்டுப் பட்டு இழைகள் மொத்தத்தையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு, சிக்கெடுத்து, விறைப்பாகச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். அதுதான் பாவு நீட்டுவது. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நாலு வீட்டு ஆட்கள் கை கொடுப்பார்கள். பாவு யாருடையதோ அவர் அதன் முனையில், தலைப்பில் நின்றாக வேண்டும். அறுந்த இழையை முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவில் மல்லிகாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடுவில் இவர்கள் இரண்டு பேரில் ஒருவர் போனாலும் வேலை நின்றுவிடும்.

"பாவைத் தள்ளிப் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"நாலு வீட்டுக்குச் சொல்லியாச்சு யக்கா. அவங்க அவங்க தறியை நிறுத்திட்டு வராங்க. வானம் வேற மூடிகினு கீது. விட்டா அடுத்த வாரம்தான்." முருகேசன் தலையைச் சொறிந்தார். "டீச்சர் நல்லவங்களாத்தான் பேசுறாங்க. மத்தியானம் போய்க் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"மத்தியானம் லிஸ்ட் ஒட்டியிருக்கும்ப்பா" என்றாள் வினோதினி. அழவில்லை. குரலும் உயரவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் விடிந்தது. தெருவில் பாவு நீண்டது. மாம்பழ மஞ்சள். முருகேசன் தலைப்பில் நின்றார். மல்லிகா நடுவில், விரல் மட்டும் பறக்கிறது. வினோதினி பாவைத் தாங்குகிற ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள், ரெட்டைப் பின்னல். யாரும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை, அவளாகக் கிளம்பி நின்றாள்.

எட்டரை ஆயிற்று. பாதிகூட முடியவில்லை. பட்டு அன்றைக்கென்று பார்த்து அறுந்துகொண்டே இருந்தது.

ஒன்பதே கால்.

மல்லிகா ஒரு முடிச்சைப் போட்டு முடித்தாள். நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாடி" என்றாள்.

முருகேசன் பதறிவிட்டார். "ஏய், எங்க போற? இழை அறுந்துகினே கீது!"

"அறுந்தா அறுந்த எடத்துலதான் கெடக்கும். வந்து முடிச்சுப் போட்டுக்கறேன். சீட்டு அப்படிக் கெடக்குமா?"

அவ்வளவுதான். செருப்பைத் தேடவில்லை. வாசலில் கிடந்தது என் செருப்பு, அதையே மாட்டிக்கொண்டாள். மகளை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

தெருவே திகைத்து நின்றது. மல்லிகா எந்த டீச்சரிடமும் நின்று பேசியவள் இல்லை. பி.டி.ஏ. மீட்டிங் என்றால் முருகேசனை அனுப்பிவிட்டு அடுப்படியில் ஒளிந்துகொள்கிறவள்.

காலியான இடத்தில் யார் நிற்பது? என்னைப் பார்த்தார்கள். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. முப்பது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், பாவைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறேன், ஒரு முடிச்சு போட்டதில்லை!

"முடிச்சு வேணாம் யக்கா" என்றார் முருகேசன். "அறுந்த முனையை விட்டுடாம பிடிச்சுகினு நில்லுங்க. தொலைஞ்சா தேடுறது பேஜார். எழுதுற கை கொஞ்சம் இதையும் பிடிக்கட்டும்."

பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் இரண்டு இழை. அப்புறம் ஐந்து. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்து விரல் இடுக்கிலும் மஞ்சள் இழை. மூக்கு அரித்தது… சொறிய ஏது கை? பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு போகும்போது நின்று பார்த்து, "இன்னாக்கா, பத்திரிகை வேலையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பதிலே சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மறுபடி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பத்தேகால். பத்தரை.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. மல்லிகா இறங்கினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக வந்தாள், என் விரலில் இருந்த இழைகளை ஒவ்வொன்றாக வாங்கினாள், முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

முருகேசன் தலைப்பிலிருந்து கத்தினார்: "இன்னாடி ஆச்சு?"

"பாவைப் பாரு. தொங்குது."

நாலு முடிச்சு போட்டாள். அப்புறம்தான் சொன்னாள்: "கெடச்சிடுச்சி."

தெருவில் எழுந்த சத்தத்தில் இன்னும் இரண்டு இழை அறுந்தது.

ஸ்கூலில் நடந்ததை அன்றைக்கு மத்தியானம் மல்லிகா எனக்குச் சொன்னாள். கேட்ட இரண்டு பேரில் ஒருவர் வரவே இல்லையாம். இன்னொரு அம்மா வந்திருந்தார், ஆனால் தன் பொண்ணுக்குக் கணக்கு இல்லாத பயாலஜி குரூப்தான் வேண்டும் என்று கடைசியில் மனசு மாறிவிட்டார். ஆக இடம் இருந்தது. ஆனால் டீச்சர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கணக்குல அறுபத்தேழுதான் எடுத்திருக்கே. பிளஸ் ஒன் கணக்கு கஷ்டம்மா. ஆசையில வந்து சேர்ந்துட்டு, அரைப் பரீட்சையில அழுதுகிட்டு வந்து நிக்கக் கூடாது."

 இவ்வளவு தூரம் ஓடிவந்ததோடு தன் பலம் தீர்ந்துவிட்டது என்று மல்லிகாவே சொன்னாள். வினோதினிதான் முன்னால் வந்தாளாம்.

"டீச்சர், மீதி முப்பத்தி மூணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

"எங்க போச்சு?"

"ஜியோமெட்ரி எட்டு மார்க்கு, கிராஃப் எட்டு மார்க்கு. ரெண்டையும் கடைசியா வெச்சேன், டைம் பத்தல. பதினாறு போச்சு. டிரிக்னாமெட்ரி ரெண்டு கணக்கு எனக்குப் புரியவே இல்ல, பரீட்சை முடிஞ்சப்புறம்தான் புரிஞ்சுது. அதுல பத்து. மீதி ஏழு அவசரத்துல விட்டது. இப்ப குடுத்தீங்கன்னா அந்த டிரிக்னாமெட்ரிய இங்கியே போட்டுக் காட்றேன்."

டீச்சர் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார். "தொண்ணூறு எடுத்துட்டு மீதி பத்து எங்க போச்சுன்னு தெரியாத புள்ளைங்களை நிறையப் பார்த்துட்டேன். நீ உக்காரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

 அந்தப் பெண் அறுபத்தேழை ஒரு முடிவாகப் பார்க்கவில்லை. பிரித்து வைத்துப் பார்த்திருக்கிறாள்… இது இங்கே போனது, அது அங்கே போனது என்று. இன்ஜினியர் செய்கிற வேலையும் அதுதானே? ஓடாத மிஷினைப் பார்த்து "இது ஓடாது" என்று சொல்ல நான் போதும். எங்கே நின்றது என்று சொல்லத்தான் இன்ஜினியர் வேண்டும்.

அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை. பாஸ்கரிடமும் அந்த டீச்சரிடமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை வாயை மூடி, காதைத் திறந்து. கேட்டதில் உங்களுக்கு உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினியரிங் என்றால் கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் கட்டாயம் இருக்கிற குரூப் வேண்டும். நாலாவதாக கம்ப்யூட்டர் இருந்தாலும் சரி, பயாலஜி இருந்தாலும் சரி, கட்-ஆஃபுக்கு இரண்டும் ஒன்றுதான். டாக்டர் ஆசையும் ஓரமாக இருக்கிறது என்கிற பிள்ளை பயாலஜியை எடுக்கலாம். ஆனால் அப்பா அம்மாவின் டாக்டர் ஆசைக்காக எடுக்க வேண்டாம், அது தனிப் பாரம். நாலாவது பாடம் பிடித்ததாக இருந்தால் போதும்.

பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போகலாமா? தாராளமாகப் போகலாம். மூன்று வருஷ டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழி இருக்கிறது. கையால் செய்து பழகினால்தான் எனக்குப் புரியும் என்கிற பிள்ளைக்கு அது அருமையான வழி. டி.சி. கேட்டு வந்த அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், அவளால்தான் ஒரு நாற்காலி காலியானது.

காமர்ஸ் மட்டமா என்றால், கிடையவே கிடையாது. பாஸ்கரைக் கேளுங்கள். போக வேண்டிய ஊர் எதுவோ அதற்குத்தான் பஸ் ஏற வேண்டும். வந்தவாசி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வேலூர் வரவில்லையே என்று கண்டக்டரைத் திட்டுவதில் நியாயமில்லை. பஸ் என்னவோ நல்ல பஸ்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊரில் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம், சரி. ஆனால் படிக்கிற வயதில் பிரித்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பதினைந்து வயதில் எந்தப் பாடம் பாரமாக இருக்கிறதோ, அதை இறக்கி வைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் கேட்டுவிடுங்கள்: நான் போகிற இடத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்களோ?

வினோதினிக்குக் கிளாஸ் ஆரம்பித்துவிட்டது. கணக்கு ஈசியா என்று கேட்டேன். "ஈசியெல்லாம் இல்ல அத்தை" என்றாள். "ஆனா எங்க கஷ்டம்னு தெரியுது."

முருகேசன் தறியில் மாம்பழ மஞ்சள் சேலை ஏறிவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட அவரிடம் கட்-ஆஃப் விசாரிக்க வருகிறார்கள். கால் மிதியை நிறுத்தாமலே "கணக்கு நூறு, ஃபிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி" என்று ஒப்பிக்கிறார்.

என்னிடம் வருவதும் நிற்கவில்லை. நேற்றுக் காலையில் ஒரு பெரியவர் கேட்டைத் தட்டினார். பேத்திக்கு நர்சிங் ஆசையாம்.

"எந்த குரூப் போடலாம்னு நீங்கதான் சொல்லணும்மா."

"எதிர் வீட்டுல கேளுங்க ஐயா."

"முருகேசனாண்டயா?"

"இல்லீங்க. அவர் பொண்ணுகிட்ட."

"அது சின்னப் பொண்ணாச்சே?"

"ஆமாங்க. ஆனா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடும்."